கோப்பை இல்லாத நான்கு அணிகள்: 1998 ஜாஸ், 2002 கிங்ஸ், 2007 சன்ஸ், 2018 ராக்கெட்ஸ்

அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் கோப்பை வாங்காமல் போன அணிகளில் பெரிய அணி எது என்று பேச்சு எடுத்தால் போதும், பத்தாவது நிமிடத்தில் அது ‘இவர்களும் அவர்களும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்’ என்ற இடத்துக்கு வந்து நின்றுவிடும். அதற்குமேல் நகராது. எந்த வருடத்து விதியில் மோதுவது என்று யாருமே சொல்வதில்லை, அதுதான் காரணம்.

1998ல் தற்காப்பு ஆட்டக்காரர் தன் ஆளை விட்டுவிட்டு ரிங்குக்குக் கீழே போய்ச் சும்மா காவல் நிற்க முடியாது, விசில் அடித்துவிடுவார்கள். 2001-02 சீசனில்தான் அந்த விதியை எடுத்துவிட்டு ஸோன், அதாவது ஆளைக் காக்காமல் இடத்தைக் காப்பது, ஆட அனுமதித்தார்கள். பந்தோடு வருகிறவனைக் கையை வைத்து மறிப்பதை 2004-05லிருந்து நடுவர்கள் கறாராகப் பிடித்தார்கள். அப்புறம் மூன்று புள்ளி ஷாட்: 1997-98ல் ஒரு அணி ஒரு ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதிமூன்றுக்கும் குறைவாகத்தான் முயன்றது, 2017-18 ராக்கெட்ஸ் 42க்கு மேல் முயன்றார்கள். ஜாஸை 2018க்குக் கொண்டுவந்து நிறுத்தினால் ராக்கெட்ஸ் ஜெயிப்பார்கள், ராக்கெட்ஸை 1998க்குக் கொண்டுபோனால் ஜாஸ் ஜெயிப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். இதிலிருந்து யார் பெரியவர் என்று ஒன்றும் தெரியப்போவதில்லை.

அதனால் நான் வேறு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் கேள்வி: முக்கியமான ஒரு ஆள் இல்லாமல் போனபோது அந்த அணியில் மிச்சம் என்ன இருந்தது? காயம் எந்தக் காலத்திலும் உண்டு, சஸ்பென்ஷன் உண்டு, முக்கியமான ஆள் ஃபவுல் அதிகமாகி வெளியேறுவதும் (ஃபவுல் அவுட்) உண்டு. ஒரு அணி நிஜமாகவே அணியா, இல்லை இரண்டு பேரின் திறமையில் ஓடும் கூட்டமா என்பது அப்போதுதான் தெரியும்.

அணி என்று நான் சொல்வது அந்த சீசனில், அதற்கு முன்பின் ஓரிரு வருடங்களில், சேர்ந்து ஆடிய ஆட்களை. கிளப்பை இல்லை. கிங்ஸ் என்ற கிளப் ராச்செஸ்டரில் இருந்த காலத்தில், 1951ல், கோப்பை வாங்கியிருக்கிறது. ராக்கெட்ஸ் 1994லும் 1995லும் வாங்கினார்கள். ஜாஸும் சன்ஸும்தான் கிளப்பாகவே ஒரு தடவைகூட வாங்காதவர்கள்.

இந்த நால்வரை ஏன் எடுத்தேன் என்றால், 2002ல் கிங்ஸைத் தோற்கடித்த லேக்கர்ஸ், மேற்குப் பிரிவில் ஜெயித்தவரும் கிழக்குப் பிரிவில் ஜெயித்தவரும் மோதும் ஃபைனல்ஸில் (நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குத் தொடர்) நெட்ஸை 4-0 என்று துடைத்தார்கள். 2007ல் சன்ஸைத் தோற்கடித்த ஸ்பர்ஸ் கேவலியர்ஸை 4-0. 2018ல் ராக்கெட்ஸைத் தோற்கடித்த வாரியர்ஸ் மறுபடியும் கேவலியர்ஸை 4-0. மூன்று தடவையும் நிஜமான ஃபைனல் மேற்குப் பிரிவிலேயே நடந்து முடிந்துவிட்டது. ஜாஸ் மட்டும் ஃபைனல்ஸுக்கே போய், அங்கே சிகாகோ புல்ஸின் ஜோர்டனிடம் தோற்றவர்கள். 1993 சன்ஸ், 1996 சூப்பர்சானிக்ஸ், 2000 போர்ட்லாண்ட், 2016 தண்டர் எல்லோரைப் பற்றியும் தனித்தனியாக எழுதலாம். தண்டர் 73 ஆட்டம் ஜெயித்த வாரியர்ஸை 3-1 என்று மடக்கிவிட்டுத் தோற்றார்கள், அதை விட்டுவிட மனசே வரவில்லை, ஆனால் அந்த வாரியர்ஸும் அடுத்த சுற்றில் தோற்றுப்போனதால் இந்த வரிசையில் அது சேரவில்லை.

ஜாஸ்: முழு பலத்தோடு தோற்ற அணி

யூட்டா ஜாஸ் 1996-97ல் 64 ஆட்டம், 1997-98ல் 62 ஆட்டம் ஜெயித்தார்கள். ஸ்டாக்டன் பந்தைக் கொண்டு வருவார், மலோன் வந்து அவரைக் காவல் காப்பவனின் வழியை மறித்து நிற்பார் (ஸ்க்ரீன்), பிறகு ரிங்கை நோக்கித் திரும்பி ஓடுவார், பிக் அண்ட் ரோல். இதைத்தான் செய்யப்போகிறார்கள் என்று அரங்கத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், இருந்தும் தடுக்க முடியாது. ஜெர்ரி ஸ்லோனின் பயிற்சியில் அது அவ்வளவு கச்சிதமாக இருந்தது. 1997-98 தொடக்கத்தில் முழங்கால் அறுவை சிகிச்சையால் ஸ்டாக்டன் முதல் 18 ஆட்டம் ஆடவில்லை, ஜாஸ் 11 வெற்றி, 7 தோல்வி. அவர் திரும்பி வந்த பிறகு 51-13. என் கேள்விக்கு இதிலேயே ஒரு பதில் இருக்கிறது: ஸ்டாக்டன் இல்லாமல் அவர்கள் நல்ல அணி, இருந்தால் மிகப்பெரிய அணி.

1998ல் லேக்கர்ஸை 4-0 என்று அனுப்பிவிட்டு, கிழக்கில் புல்ஸும் பேஸர்ஸும் ஏழு ஆட்டம் அடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள். இரு அணிகளும் 62-20தான், ஆனால் சீசனில் புல்ஸை இரண்டு தடவையும் தோற்கடித்ததால் சொந்த அரங்கில் அதிக ஆட்டம் ஆடும் வாய்ப்பு (ஹோம் கோர்ட்) ஜாஸுக்கு. முதல் ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் 96-54 என்று நசுக்கப்பட்டார்கள். ஃபைனல்ஸில் ஒரு அணி 54 புள்ளி! அப்படியும் ஐந்தாவது ஆட்டத்தை சிகாகோவிலேயே 83-81 என்று ஜெயித்துவிட்டு வந்தார்கள், மலோன் 39.

ஆறாவது ஆட்டம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், 87-86. ஜோர்டன் 45 புள்ளி. மலோனின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, 5.2 விநாடி மிச்சமிருக்கும்போது பிரையன் ரஸலின் முகத்துக்கு நேரே போட்ட ஷாட். பலருக்கு ஞாபகம் இல்லாத விஷயம், அதே ஆட்டத்தின் இரண்டாவது கால்பகுதியில் ஹோவர்ட் ஐஸ்லி போட்ட ஒரு மூன்று புள்ளி. ஷாட் எடுக்கக் கொடுத்த நேரம் (ஷாட் கிளாக்) முடிந்துவிட்டது என்று நடுவர் ரத்து செய்தார். பந்து கையை விட்டது நேரத்துக்குள்தான், காணொளியில் தெளிவாகத் தெரியும். நான்காவது கால்பகுதியில் சிகாகோவின் ரான் ஹார்ப்பர் போட்ட இரண்டு புள்ளி நேரம் முடிந்த பிறகு கையை விட்டது, அது செல்லும் என்றார்கள். மொத்தம் ஐந்து புள்ளி. தோல்வி ஒரு புள்ளியில்.

இது ஜாஸுக்கு நடந்த அநியாயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தில் ஜாஸ் பக்கம் யாரும் காயத்தில் வெளியே இல்லை, சொல்லப்போனால் முதுகு பிடித்துக்கொண்டு நொண்டியது சிகாகோவின் பிப்பன்தான். 1997 ஃபைனல்ஸ் முதல் ஆட்டத்தில் 9.2 விநாடி இருக்கும்போது மலோன் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டதும், 1998ல் அவர் பந்தைப் பறிகொடுத்ததும், யாரும் குறையாத ஜாஸுக்கு நடந்தவை. அவர்களின் முழு உயரத்தை நாம் பார்த்துவிட்டோம். ஜோர்டனுக்கு ஒரு ஷாட் கீழே. அதுவே பெரிய உயரம்தான்.

கிங்ஸ்: ஏழு பேரும் ஆடிய அணி

இந்த அணியைப் பற்றித்தான் நான் நிறைய சொல்ல வேண்டியிருக்கிறது. 2001-02 சாக்ரமென்டோ கிங்ஸ் 61-21, லீகிலேயே முதல் இடம், சொந்த அரங்கில் 36-5. அரங்கத்தில் ரசிகர்கள் மாட்டு மணியைக் கொண்டுவந்து லேக்கர்ஸ் பெஞ்சுக்குப் பின்னால் நின்று ஆட்டுவார்கள். லேக்கர்ஸ் கோச் பில் ஜாக்சன் அந்த ஊரைப் பட்டிக்காடு என்கிற மாதிரி கிண்டல் செய்ததற்கு அவர்கள் கொடுத்த பதில் அது.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பல வருடம் கோச்சாக இருந்த பீட் கரில் ஓய்வுபெற்று வந்து கிங்ஸில் உதவிக் கோச்சாக இருந்தார், தலைமைக் கோச் ரிக் அடெல்மன். இவர்கள் கொண்டுவந்த முறையில் அணியின் உயரமான ஆளான சென்டர் ரிங்குக்குக் கீழே முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க மாட்டார், ஃப்ரீ த்ரோ கோட்டின் முனைக்கு ஏறி வந்து பந்தை வாங்குவார். அவரைக் காவல் காக்கிற எதிரணிச் சென்டரும் கூடவே வெளியே வந்தாக வேண்டும், ரிங்கடி காலி. அந்த நேரத்தில் பக்கவாட்டில் நிற்கிறவன் வெளியே போவது மாதிரி ஒரு அடி எடுத்து வைத்துவிட்டு சட்டென்று உள்ளே வெட்டுவான், பந்து தரையில் ஒரு தட்டு தட்டி அவன் கைக்கு வரும், லே-அப். இதைச் செய்ய பாஸ் போடத் தெரிந்த உயரமானவர்கள் வேண்டும். கிங்ஸில் அப்படி இரண்டு பேர், டிவாச், வெப்பர். ஸோன் ஆட அனுமதித்த முதல் சீசன் அதுதான் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மற்ற அணிகள் புது விதியில் தடுமாறிக்கொண்டிருந்தபோது, நடுவில் நின்று பாஸ் போட்டு ஸோனை உடைக்கிற ஆட்டம் இவர்களிடம் ஏற்கனவே தயாராக இருந்தது.

வெப்பர் 24.5, பேயா ஸ்டோயகோவிச் 21.2, பிபி, கிறிஸ்டி, டிவாச், பெஞ்சிலிருந்து வரும் பாபி ஜாக்சன், துர்க்கோலு என்று ஏழு பேர் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிக்கு மேல். அந்த சீசனில் வெப்பர் ஆடியது 54 ஆட்டம்தான். அணியின் முதல் ஆள் 28 ஆட்டம் இல்லாமல் 61 வெற்றி! என் கேள்விக்கு இந்தக் கணக்கே பாதி பதில்.

மீதிப் பாதி, சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில், பிளேஆஃபில் வந்தது. இரண்டாவது சுற்றில் டல்லஸோடு ஆடும்போது பேயாவின் கணுக்கால் பிசகியது. அதனால் லேக்கர்ஸோடு மேற்கு ஃபைனலின் முதல் நான்கு ஆட்டத்தில் அவர் இல்லை. அணியின் சிறந்த ஷூட்டர் இல்லை, எதிரில் லேக்கர்ஸின் நட்சத்திரங்கள் ஷாக்கும் கோபியும், இரண்டு வருடமாகத் தொடர்ந்து சாம்பியன். முதல் ஆட்டம் போனது, இரண்டாவதை ஜெயித்தார்கள், மூன்றாவதை லாஸ் ஏஞ்சலஸிலேயே 103-90 என்று ஜெயித்தார்கள். நான்காவது ஆட்டத்தில் முதல் கால்பகுதி முடிவில் 40-20, அப்புறம் முன்னிலை 24 வரை போனது.

அந்த ஆட்டத்தில் இரண்டு இடங்களை மட்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று, முதல் பாதி முடிகிற நேரத்தில் லேக்கர்ஸின் சமாக்கி வாக்கர் பாதி மைதானத்திலிருந்து எறிந்த பந்து உள்ளே போனது. நேரம் முடிந்து விளக்கு எரிந்த பிறகும் பந்து அவர் கையில்தான் இருந்தது, ஆனால் மூன்று புள்ளி கொடுத்துவிட்டார்கள். இன்னொன்று எல்லோரும் அறிந்த கடைசி விநாடிகள். 11.8 விநாடி இருக்கும்போது டிவாச்சுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்று உள்ளே, ஒன்று வெளியே, 99-97. கோபி ஓட்டிக்கொண்டு உள்ளே போய்ப் போட்டார், தவறியது. ஷாக் எட்டிப் பிடித்துப் போட்டார், அதுவும் தவறியது. டிவாச் பந்தை ரிங்கடியிலிருந்து அப்புறப்படுத்தினால் போதும், நேரம் முடிந்துவிடும் என்று வெளியே தட்டிவிட்டார். அது நேராக ராபர்ட் ஹோரியின் கைக்குப் போனது, மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே, தன்னந்தனியாக, நின்ற நிலையில். வெப்பர் கையை நீட்டிக்கொண்டு பாய்வதற்குள் பந்து போய்விட்டது. 100-99.

வாக்கரின் ஷாட் செல்லாது என்று சொல்லியிருந்தால் ஹோரியின் ஷாட் வெறும் ஆறுதல் ஷாட். அடுத்த சீசனிலிருந்து இப்படிக் கடைசி விநாடி ஷாட்களைக் காணொளியில் பார்த்து முடிவு செய்யும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஐஸ்லிக்கு நான்கு வருடம் தாமதம், கிங்ஸுக்குச் சில மாதம் தாமதம்.

ஐந்தாவது ஆட்டத்தில் பேயா திரும்பி வந்தார், முழுதாகத் தேறாமலே. பிபி 8.2 விநாடி இருக்கும்போது போட்ட ஷாட்டில் 92-91. ஆறாவது ஆட்டத்தைப் பற்றி இருபது வருடத்துக்கு மேலாக எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்: கடைசிக் கால்பகுதியில் மட்டும் லேக்கர்ஸுக்கு 27 ஃப்ரீ த்ரோ, டிவாச்சும் பொல்லார்டும் ஃபவுல் அவுட், கோபியின் முழங்கை பிபியின் மூக்கில் இடித்ததற்கு விசில் இல்லை, முடிவு 106-102. நுகர்வோர் உரிமைப் போராளி ரால்ஃப் நேடர் லீக் கமிஷனருக்குக் கடிதமே எழுதினார். 2008ல், சூதாட்ட வழக்கில் சிக்கிய முன்னாள் நடுவர் டிம் டோனகி அந்தத் தொடரைப் பற்றிக் குற்றம் சாட்டினார், லீக் மறுத்தது. சதி இருந்ததா என்று நான் சொல்லப்போவதில்லை. அந்தக் கால்பகுதியின் நடுவர் பணி மிக மோசம், அது போதும்.

ஆனால் கிங்ஸ் ரசிகர்கள் ஆறாவது ஆட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், அது சரியில்லை. ஏழாவது ஆட்டம் சாக்ரமென்டோவில், மாட்டு மணிகளுக்கு நடுவே நடந்தது. அதில் கிங்ஸ் 30 ஃப்ரீ த்ரோவில் 16தான் போட்டார்கள். மூன்று புள்ளியில் 20க்கு 2. கடைசி நிமிடத்தில் மூலையில் யாரும் காக்காமல் நின்ற பேயா போட்ட ஷாட் ரிங்கைக்கூடத் தொடவில்லை. லேக்கர்ஸ் 33க்கு 27 ஃப்ரீ த்ரோ. ஷாக் எவ்வளவு மோசமாக ஃப்ரீ த்ரோ போடுவார் என்று தெரிந்தவர்களுக்கு இந்த எண் எவ்வளவு வலிக்கும் என்று புரியும். ஓவர்டைமில் 112-106. பதினான்கு ஃப்ரீ த்ரோ வீண், தோல்வி ஆறு புள்ளியில். இதற்கு நடுவர் பொறுப்பில்லை.

இருந்தும் இந்த ஆட்டத்தை நான் கிங்ஸுக்குச் சாதகமாகத்தான் படிக்கிறேன். ஷூட்டருக்குக் கால் சரியில்லை, வெளியிலிருந்து ஒன்றும் விழவில்லை, ஃப்ரீ த்ரோவில் பாதி போகவில்லை. இத்தனைக்கும் பிறகு அந்தக் காலத்தின் மிகப்பெரிய சாம்பியனை ஓவர்டைம் வரை இழுத்துக்கொண்டு போக முடிந்தது என்றால் அந்த அணியின் அடித்தளம் எவ்வளவு ஆழமாக இருந்திருக்க வேண்டும். ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழி. பிபி 29 போட்டார், டிவாச்சும் வெப்பரும் பாஸ் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

அடுத்த வருடம் 59 வெற்றி, டல்லஸோடு இரண்டாவது ஆட்டத்தில் வெப்பரின் முழங்கால் போனது, அப்படியும் தொடரை ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனார்கள். வெப்பர் அதற்குப் பிறகு பழைய வெப்பராக வரவே இல்லை. 2006க்குப் பிறகு கிங்ஸ் மறுபடி பிளேஆஃபைப் பார்த்தது 2023ல்.

சன்ஸ்: கையிலிருந்ததை விட்டுக்கொடுத்த அணி

2003-04ல் ஃபீனிக்ஸ் 29 ஆட்டம் ஜெயித்தது. அடுத்த கோடையில் ஸ்டீவ் நாஷ் டல்லஸிலிருந்து வந்தார், வயது முப்பது, அந்த சீசன் 62 வெற்றி. கை வைத்து மறிப்பதை நடுவர்கள் கறாராகப் பிடிக்கத் தொடங்கியதும் அதே சீசன்தான், பந்தோடு உள்ளே நுழைந்து சுற்றித் திரியும் நாஷுக்கு அதைவிடப் பொருத்தமான நேரம் அமைந்திருக்காது. மைக் டி’ஆன்டனி எல்லோரையும் ஓட விட்டார். லீக் முழுவதும் 97 புள்ளி சராசரியாக இருந்தபோது சன்ஸ் 110 போட்டார்கள்.

ஆள் குறைவு விஷயத்தில் இவர்களைப் போல அடிபட்டவர்கள் இல்லை. 2005ல் டல்லஸ் தொடரில் ஜோ ஜான்சனின் கண்குழி எலும்பு உடைந்தது. 2005-06ல் ஸ்டவுடமயர் முழங்கால் அறுவை சிகிச்சையால் மூன்றே ஆட்டம் ஆடினார். அந்த வருடம்தான் எனக்கு இவர்கள் மேல் மரியாதை கூடியது. சென்டரே இல்லாத அணி, போரிஸ் டியாவை சென்டராக நிறுத்திவிட்டு 54 ஆட்டம் ஜெயித்தது, முதல் சுற்றில் லேக்கர்ஸிடம் 3-1 என்று பின்தங்கி மீண்டு வந்தது, மேற்கு ஃபைனல் வரை போனது.

2007தான் இவர்களின் உண்மையான வாய்ப்பு, 61 வெற்றி, எல்லோரும் ஆரோக்கியம், இரண்டாவது சுற்றில் ஸ்பர்ஸ். முதல் ஆட்டத்தில் டோனி பார்க்கரோடு மோதி நாஷின் மூக்கில் வெட்டுப்பட்டு, ரத்தம் நிற்காமல் கடைசி நேரத்தில் உட்கார வேண்டியதாயிற்று. நான்காவது ஆட்டத்தை சான் அன்டோனியோவில் ஜெயித்து 2-2 என்று சமன் செய்கிற நேரம், 18 விநாடி மிச்சம், நாஷை இடுப்பால் இடித்து ஸ்கோரர் மேஜையில் எறிந்தார் ஒருவர். அதே ராபர்ட் ஹோரி, இப்போது ஸ்பர்ஸ் சட்டையில். ஸ்டவுடமயரும் டியாவும் பெஞ்சிலிருந்து எழுந்து சில அடி முன்னால் வந்தார்கள். சண்டை நேரத்தில் பெஞ்சை விட்டு வந்தால் குறைந்தது ஒரு ஆட்டம் தடை என்பது விதி. இருவருக்கும் ஐந்தாவது ஆட்டம் கிடையாது. ஹோரிக்கு இரண்டு ஆட்டம் தடை, ஆனால் அவர் ஸ்பர்ஸுக்குப் பெஞ்ச் ஆள், ஸ்டவுடமயர் சன்ஸின் சென்டர். அதே ஆட்டத்தில் முன்னதாக ஸ்பர்ஸின் டங்கனும் போவனும் களத்துக்குள் கால் வைத்தார்களே என்று கேட்டதற்கு, அப்போது சண்டை எதுவும் நடக்கவில்லை என்று லீக் சொல்லிவிட்டது.

ஐந்தாவது ஆட்டம், இரண்டு பேர் இல்லை, பெரும்பகுதி சன்ஸ்தான் முன்னிலை. நாஷ், மேரியன், பெல் மூவரும் கிட்டத்தட்ட உட்காரவே இல்லை. கடைசி நிமிடத்தில் போவன் மூலையிலிருந்து ஒரு மூன்று போட்டார், 88-85. அந்த மூன்று புள்ளித் தோல்வியை நான் தோல்வியாகவே எண்ணுவதில்லை, அந்த அணி எவ்வளவு நல்லது என்பதற்கு அதுதான் சாட்சி.

என் கோபம் அந்த விதியின் மேல் அவ்வளவு இல்லை, நிர்வாகத்தின் மேல்தான். ஜோ ஜான்சனை 2005ல் அட்லாண்டாவுக்குப் போக விட்டார்கள். புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் 2006 டிராஃப்டில் கையிலிருந்த ஒரு முதல் சுற்று வாய்ப்பை பாஸ்டனுக்குத் தள்ளிவிட்டார்கள், அதில் வந்தவர் ராஜான் ராண்டோ, 2008ல் கோப்பை வாங்கிய பாஸ்டன் செல்டிக்ஸில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்திய பாயின்ட் கார்ட். ஏழெட்டுப் பேரை வைத்தே ஆட்டத்தை ஓட்டிய டி’ஆன்டனிக்கு, நாஷ் உட்காரும் நேரத்தில் பந்தைக் கொடுக்க ஆள் இல்லை என்பதே தீராத குறை, அந்த இடத்துக்கு வந்திருக்க வேண்டியவரை விற்றுவிட்டார்கள். 2008 பிப்ரவரியில் மேரியனைக் கொடுத்து ஷாக்கை வாங்கியதோடு கதை முடிந்தது.

ராக்கெட்ஸ்: ஒரே வழியில் போன அணி

அதே டி’ஆன்டனி, பதினோரு வருடம் கழித்து, ஹூஸ்டனில். 65-17, லீகில் முதல் இடம். இரண்டு புள்ளி ஷாட்டைவிட மூன்று புள்ளி ஷாட் அதிகமாக முயன்ற முதல் என்பிஏ அணி இதுதான். ஹார்டன் சீசனின் சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி), ஆட்டத்துக்கு 30.4 புள்ளி. கிறிஸ் பால் அந்த வருடம்தான் கிளிப்பர்ஸிலிருந்து வந்திருந்தார். எதிரில் வாரியர்ஸின் கரி, டுரான்ட், தாம்ஸன், கிரீன். இந்த நான்கு கதைகளிலும் மிகப் பலமான எதிரி இதுதான், அதில் வாதமே இல்லை.

மேற்கு ஃபைனலில் ஐந்து ஆட்டம் முடிவில் ராக்கெட்ஸ் 3-2. நான்காவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் வாரியர்ஸை அவர்கள் சொந்த அரங்கிலேயே 12 புள்ளியில் நிறுத்தினார்கள். ஸ்க்ரீன் வந்ததும் ஆளை மாற்றிக்கொண்டு பிடிக்கும் டிஃபன்ஸ். டக்கர், அரிஸா மாதிரி ஆட்களை அதற்காகவே சேர்த்திருந்தார்கள். ராக்கெட்ஸ் என்றால் வெறும் ஷூட்டிங் என்று நினைப்பவர்கள் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் பாலின் தொடைத் தசை இழுத்துக்கொண்டது. அதோடு அவர் இல்லை.

ஆறாவது ஆட்டத்தில் 17 புள்ளி வரை முன்னிலை, பாதி நேரத்தில் 61-51. இரண்டாம் பாதி: வாரியர்ஸ் 64, ராக்கெட்ஸ் 25. ஏழாவது ஆட்டம் ஹூஸ்டனில், பாதி நேரத்தில் 54-43. மூன்றாவது கால்பகுதி 33-15. அந்த ஆட்டத்தில்தான் தொடர்ந்து 27 மூன்று புள்ளி ஷாட் தவறியது. மொத்தம் 44க்கு 7. அரிஸா எடுத்த 12 ஷாட்டில் ஒன்றும் இல்லை. சீசனில் நூற்றுக்கு 36 போட்ட அணி, ஒவ்வொரு ஷாட்டும் தனித்தனி என்று வைத்துக் கணக்குப் போட்டால் தொடர்ந்து 27 தவறுவது கிட்டத்தட்ட இரண்டு லட்சத்தில் ஒரு தடவைதான் நடக்க வேண்டும்.

ஆனால் அவை தனித்தனி ஷாட் இல்லை. பால் இல்லாததால் பந்து முழுக்க ஹார்டன் கையில். அவர் களைத்துவிட்டார். டக்கரும் அரிஸாவும் கார்டனும் கரியையும் டுரான்டையும் நாற்பது நிமிடம் துரத்திவிட்டு, அதே கால்களோடு ஷாட் எடுக்கிறார்கள். கால் போனால் ஷாட் குட்டையாக விழும், கூடைப்பந்து ஆடிய எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினைந்தாவது ஷாட் தவறியபோது, இருபதாவது தவறியபோது, உள்ளே போய் ஃபவுல் வாங்கலாம், சென்டர் கபேலாவுக்குப் பந்தைக் கொடுக்கலாம் என்று ஒரு மாற்று வேண்டும். சீசன் முழுக்க அவர்களிடம் இருந்த அந்த வழியும், கால் போன அன்றைக்கு வரவில்லை.

வரிசை

எனக்கு முதல் இடம் 2002 கிங்ஸ். முதல் ஆள் 28 ஆட்டம் இல்லாமல் லீகில் முதலிடம், இரண்டாவது ஆள் நான்கு ஆட்டம் இல்லாமல் சாம்பியனிடம் 2-2, அதுவும் ஒரு ஷாட் தள்ளி விழுந்திருந்தால் 3-1. இரண்டாவது சன்ஸ். 2006ல் சென்டர் இல்லாமல் செய்ததையும், 2007ல் இரண்டு பேர் இல்லாமல் மூன்று புள்ளியில் தோற்றதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். டிஃபன்ஸில் அவர்கள் கிங்ஸைவிடப் பலவீனம், அதனால் முதல் இடம் தர முடியவில்லை. மூன்றாவது ஜாஸ்.

ராக்கெட்ஸைக் கடைசியில் வைப்பது பலருக்குப் பிடிக்காது என்று தெரியும். 65 வெற்றி, அப்படிப்பட்ட எதிரி, அதோடு 2018ல் வாரியர்ஸை ஏழாவது ஆட்டம் வரை இழுத்த ஒரே அணி என்பார்கள், எல்லாம் உண்மை. நான்காவது ஆட்டத்திலிருந்து வாரியர்ஸுக்கும் அவர்களின் முக்கிய ஆளான இக்வொடாலா இல்லை என்பதும் உண்மை. அதற்கு மேலே 2019ல் நடந்ததையும் பார்க்க வேண்டும். இரண்டாவது சுற்றில் அதே இரு அணிகள். இந்தத் தடவை பால் இருக்கிறார், ஹார்டன் இருக்கிறார். ஐந்தாவது ஆட்டத்தின் நடுவில் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே போனது டுரான்ட். அந்த ஆட்டத்தை வாரியர்ஸ் ஜெயித்தார்கள். ஆறாவது ஆட்டம் ஹூஸ்டனில், டுரான்ட் கிடையாது, கரி முதல் பாதியில் ஒரு புள்ளிகூடப் போடவில்லை. இரண்டாம் பாதியில் 33 போட்டார், வாரியர்ஸ் 118-113, தொடர் முடிந்தது.